கழுத்து எப்போ நின்னுச்சு?

“கழுத்து எப்போ நின்னுச்சு? எப்போ குப்புற விழுந்தான்? பிடிக்காம எப்போ உட்கார்ந்தான்?” குழந்தையின் வளர்ச்சியைச் சோதிக்கும் இடங்களில் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் தாயிடம்தான் வருகின்றன. மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கைகளைப் பிடித்து மெல்லத் தூக்கி, தலை பின்னால் தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். கைகால் விறைத்திருக்கிறதா, துவண்டிருக்கிறதா, மூன்று மாதம் கடந்தும் விரல்கள் மூடியே இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். மூளையும் நரம்பும் வளரும் விதத்தை உடலில் படிக்கும் முறை இது. அழுகிற குழந்தை அந்தச் சில நிமிடங்களில் காட்டாததை, தாயின் நினைவுதான் நிரப்புகிறது.

ஆக, அவள் சாட்சி. சாட்சி எப்படிக் குற்றவாளி ஆகிறாள் என்பதுதான் என் கேள்வி.

வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் பல பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். பிள்ளை நடக்கத் தாமதமானால், “எந்நேரமும் தட்டும் கையுமா இருந்தா பிள்ளை எப்படி நடக்கும்?” என்று பேச்சு வரும். அந்தத் தட்டை நம்பித்தான் வீட்டில் உலை கொதிக்கிறது என்பது அப்போது மறந்துபோகும். குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கவனிக்கப்படாத மஞ்சள் காமாலை, மரபணு என்று காரணங்கள் பல இருக்க, விரல் அவளை நோக்கியே நீள்கிறது.

அறிவியல் இப்படிப் பேசுவதில்லை. இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, தனியாக நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை விரிந்திருப்பதாகச் சொல்கிறது. நூற்றில் நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் 1991-ல் உருவான சோதனை அட்டையில் 17 செயல்கள் உண்டு. குழந்தையின் வயதில் ஒரு பென்சிலை நிறுத்துவார்கள். அதற்கு இடப்பக்கம் உள்ள எதையாவது குழந்தை செய்யவில்லையென்றால், மேற்கொண்டு சோதிக்க வேண்டும். அவ்வளவுதான். தாய்க்கு மதிப்பெண் போட அதில் கட்டம் இல்லை.

அந்தக் கட்டத்தை நாம் வரைகிறோம். அதன் விலையைக் குழந்தை கொடுக்கிறது. பேச்சுக்குப் பயந்தவள், “எல்லாம் சரியாத்தான் செய்யுதான்” என்று சொல்லிவிடுவாள். பயிற்சி அதிகம் பலன் தரக்கூடிய முதல் வருடங்கள் அப்படியே கழிந்துபோகும்.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரவேண்டும். அன்று தகப்பனையும் உட்கார வைத்து அதே கேள்விகளைக் கேட்கட்டும். பதில் தெரியாமல் அவர் விழித்தால், அவரையும் குற்றவாளியாக்க வேண்டாம். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியை அவருக்கும் கற்றுக்கொடுத்தால் போதும். நாளை முதல் பார்க்கவும் சொல்லவும் இன்னொரு சாட்சி கிடைப்பார்.