பங்கு பிரிக்க முடியாத பாட்டு

திருச்சியில் பழைய பாட்டைப் பற்றிப் பேச நாலு பேர் கூடினால், பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: இணைந்து இசையமைத்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் ஏன் பிரிந்தார்கள்? ராமமூர்த்தி எங்கள் ஊர்க்காரர், வயலின் வித்வான் மலைக்கோட்டை கோவிந்தசாமி பிள்ளையின் பேரன். அதனால் கேட்பவர் குரலில் சொந்தக்காரர்களுக்கே உரிய ஆதங்கம் தொனிக்கும். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாக் காரணத்திலும் ஒரு குற்றவாளி கட்டாயம் இருப்பார்.

1952-ல் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் 28 வயதில் காலமானார். அவர் பாதியில் விட்டுப்போன படங்களை, அவரிடம் வேலை பார்த்த இந்த இருவரும் முடித்துக்கொடுத்தார்கள். விஸ்வநாதன் ஆர்மோனியம், ராமமூர்த்தி வயலின். அதே ஆண்டு என்.எஸ். கிருஷ்ணனின் 'பணம்' படத்தில் இரண்டு பெயரும் சேர்ந்து வந்தன. ராமமூர்த்தி ஆறு வயது மூத்தவர். ஆனாலும் அவர் பெயர் இரண்டாவதாகத்தான் வந்தது. கடைசி வரை அப்படியே இருந்தது.

1961-ல் மட்டும் 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்'. 1963-ல் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம். ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னைக்குப் போய் வாய்ப்புக்காக அலைந்த பாடலாசிரியர் வாலிக்கு அதே ஆண்டு 'கற்பகம்' வாசலைத் திறந்தது இவர்கள் இசையில்தான். 1964-ல் 'கர்ண'னில் வடநாட்டு வாத்தியங்கள், 'காதலிக்க நேரமில்லை'யில் மேற்கத்தியத் துள்ளல். ஒரே ஆண்டில் இரண்டு உலகம். 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது. அதோடு பிரிந்துவிட்டார்கள். பிறகு விஸ்வநாதன் நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்திக்குத் தனியாகக் கிடைத்தவை சுமார் 20.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஊர் பங்கு பிரிக்க உட்கார்ந்துவிடும். மெட்டு அவருடையது, வாத்தியக் கோவை இவருடையது. அவர் இல்லாமல் இவர் என்ன ஆனார், பார்த்தாயா? இந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை போனதற்குக் காரணம், ஸ்ரீரங்கத்தில் நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு சின்ன ஆர்கெஸ்ட்ரா. கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று இரண்டு நண்பர்கள் நடத்தியது. ஒருவர் கீபோர்டு, மற்றவர் கிதார். பிரிந்தபோது ஆம்ப்ளிஃபயர், மைக், ஸ்டாண்டு எல்லாவற்றையும் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள். கீபோர்டுக்காரர் வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வாசித்ததைக் கேட்கப் போனேன். சரணத்துக்கு முன்னால் ஓரிடத்தில் கையை எடுத்துவிட்டு அரை நொடி காத்திருந்தார். அது நண்பருடைய கிதார் நுழையும் இடம். புதுப் பையனுக்கு அது தெரியவில்லை. அந்த இடம் வெறுமையாகப் போனது.

அந்த இடைவெளி யாருடையது? கீபோர்டு நின்றதால்தான் கிதாருக்கு வழி. கிதார் வரும் என்ற தைரியத்தில்தான் கீபோர்டு நின்றது. சேர்ந்து வேலை செய்கிறவர்கள், அடுத்தவர் வருவார் என்று தெரிந்தேதான் தங்கள் பங்கைச் செய்கிறார்கள். வயலின் எங்கே ஏறும் என்பதை அறிந்த ஒருவர் போடும் மெட்டு, அவர் தனியறையில் இருந்து போட்டதாகவே இருந்தாலும், தனி ஆளின் மெட்டு ஆகாது.

பிரிவுக்குக் காரணம் தேடுவதிலும் நமக்கு அவசரம் அதிகம். வெளிநாட்டிலிருந்து ஓர் உதாரணம். மேற்கு பெர்லினில் 1970-ல் தொடங்கிய 'டோன் ஸ்டைனே ஷெர்பென்' என்ற ராக் குழு, ஜெர்மன் குழுக்கள் பலவும் ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்த காலத்தில் சொந்த மொழியில் பாடியது. பெரிய கம்பெனிகளை நம்பாமல் தானே இசைத்தட்டு வெளியிட்டது. 1975-ல் வடக்கே ஒரு கிராமத்துப் பண்ணை வீட்டில் எல்லோரும் ஒன்றாகக் குடியேறினார்கள். 1985-ல், கடன் கழுத்தை நெரிக்க, கலைந்தார்கள். அங்கே கடன்; இங்கே புகழின் உச்சம். ஒன்றுக்கொன்று எதிரான நிலைமைகளில் ஒரே முடிவு. கூட்டு முடிவதற்கு யாராவது கெட்டவராக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அண்ணன் தம்பி கடையானாலும் கல்யாணமானாலும் "கடைசி வரைக்கும் ஒண்ணா இருந்தாங்க" என்பதுதான் நம் ஊரில் பெரிய பாராட்டு. ஒன்றாக இருந்து என்ன செய்தார்கள் என்று கேட்பதில்லை. பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே கல்லாவில் முப்பது வருஷம் உட்கார்ந்த கூட்டாளிகள் உண்டு. அவர்களைவிட 13 ஆண்டுகளில் அத்தனை பாட்டு தந்துவிட்டுப் பிரிந்தவர்களின் கூட்டு எந்த வகையில் குறைந்தது? 30 ஆண்டுகள் கழித்து, 1995-ல், 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். பழைய வெற்றி திரும்பவில்லை. அதனால் 'பாசமலர்' பாட்டில் ஒரு சுரமும் குறைந்துவிடவில்லை. 2012-ல் அன்றைய தமிழக முதல்வர் இருவரையும் ஒரே மேடையில் கௌரவித்தார். ராமமூர்த்தி 2013-லும் விஸ்வநாதன் 2015-லும் காலமானார்கள்.

பிரிகிறவர்கள் பணத்தைப் பிரிக்கட்டும், சாமான்களைப் பிரிக்கட்டும். அதற்குக் கணக்கு வேண்டும், கண்டிப்பும் வேண்டும். சேர்ந்து செய்த வேலைக்கு மட்டும் அந்தத் தராசு உதவாது. பாதி உனக்கு, பாதி எனக்கு என்று அதை வெட்டினால் இரண்டு பேர் கையிலும் ஒன்றும் மிஞ்சாது. "அது நான் செய்தது" என்று இருவரும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டுமே முழு உண்மைதான்.