கேட்கும் இருதயம்

ஹீப்ரு ‘ஹொக்மா’வைத் தமிழில் ‘ஞானம்’ என்று பெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வேறு சொல் அவர்கள் கைவசம் இல்லை. ஆனால் ‘ஞானம்’ என்றதும் சித்தாந்தமும் வேதாந்தமும் கூடவே வந்துவிடுகின்றன. உலகைக் கழித்தபின் எஞ்சுகிற அறிவு, விடுதலை தரும் அறிவு. ஹொக்மா இப்படிப்பட்டதல்ல. ஆசரிப்புக் கூடாரத்துக்குப் பொன்னையும் மரத்தையும் இழைத்த பெசலெயேலின் கைத்திறன் ஹொக்மா. ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெண்களையும் எரேமியா அந்த வேர்ச்சொல்லால்தான் அழைக்கிறார். மாரடிக்கிறவளை ஞானி என்று சொல்ல நம் மரபு கூசும்.

இதைவிடச் சங்கடமானது ஒன்று உண்டு. யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில், பெருகிவரும் எபிரெயரை ஒடுக்கப் பார்வோன் யோசனை சொல்கிறான். ஞானமாக நடந்துகொள்வோம் என்பது அதன் சாரம். வினை அதே வேரில் பிறந்தது. உடனே அமஞ்சி வேலை, சேமிப்பு நகரங்கள். ஆக, விவிலியத்தில் ஞானம் தன்னளவில் புனிதமானதல்ல. கடவுளுக்குப் பயப்படுதலே அதன் தொடக்கம் என்று உபதேசியார்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த அதிகாரத்தில் கடவுளுக்குப் பயந்தவர்களாகக் குறிப்பிடப்படுபவர்கள் இரண்டு மருத்துவச்சிகள் மட்டுமே. அரசன் ஆணையிட்டும் ஆண் குழந்தைகளைக் கொல்லாமல் விட்டவர்கள்.

கிபியோனில், கனவில், சாலொமோன் கேட்டதை மொழிபெயர்ப்புகள் ‘ஞானமுள்ள இருதயம்’ என்று ஆக்கிவிடுவதுண்டு. மூலத்தில் இருப்பது ‘லேவ் ஷோமேயா’, கேட்கும் இருதயம். இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அறிவைச் சேர்த்து வைக்கலாம். கேட்டல், எதிரே ஒருவர் பேசும்போது மட்டுமே இருப்பது. வள்ளுவரும் கேள்விக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அது கற்றோர் வாய்ச்சொல்லைக் கேட்பது. சாலொமோன் முன் வந்து நிற்பவர்கள் இரண்டு வேசிகள். இருவருக்கும் நடுவே ஒரு குழந்தை. சாட்சி கிடையாது. வாளைக் கொண்டுவரச் சொன்னது சாமர்த்தியம். பிள்ளை எனக்கு வேண்டாம், உயிரோடிருந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தவளிடம்தான் ஞானம் இருந்தது என்று எனக்குப் படுகிறது. அந்தக் குரல் அவன் காதில் விழுந்தது. அரசனின் பங்கு அவ்வளவுதான், அது சின்ன விஷயமுமல்ல.

பிறகு கணக்குகள் வருகின்றன. 3000 நீதிமொழிகள், 1005 பாட்டுகள். அடுத்த அதிகாரத்திலேயே, அதே நிதானத்துடன், இன்னொரு கணக்கு: மாதம் 10000 பேராக முறைவைத்து லெபனோனுக்கு அனுப்பப்பட்ட 30000 அமஞ்சி ஆட்கள், 70000 சுமைகாரர், மலையில் வெட்டுவோர் 80000. இந்த எண்கள் வரலாறா என்பது என் கவலையில்லை. எழுதியவன் எதை எதன் பக்கத்தில் வைத்தான் என்பதே கவலை. அமஞ்சிக்கு இங்கே வரும் சொல் ‘மஸ்’. பார்வோனின் அதிகாரத்தில் வந்ததும் இதுவே. 9ஆம் அதிகாரத்தில் சேமிப்பு நகரங்களும் வந்துவிடுகின்றன. இஸ்ரவேலரில் ஒருவனையும் அடிமையாக்கவில்லை என்று அங்கே ஒரு சமாதானம். 5ஆம் அதிகாரத்தைப் படித்தவன் அதை நம்ப வேண்டியதில்லை. அந்நிய ஸ்திரீகளால் அவன் இருதயம் வழுவிப்போனது என்பது நூலின் பகிரங்கத் தீர்ப்பு. எண்களோ வேறு கதை சொல்கின்றன. நீதிமொழிகள் பெருகப் பெருகக் காது அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

அவன் இறந்தபின், சீகேமில், நுகத்தை இலகுவாக்கும்படி ஜனங்கள் அவன் மகன் ரெகொபெயாமிடம் முறையிடுகிறார்கள். மூன்று நாள் தவணை. முதியோர் ஒரு யோசனை சொல்கிறார்கள், கூட வளர்ந்த வாலிபர் வேறொன்று. யோசனைக்குப் பஞ்சமில்லை. அரசன் ஜனங்களுக்குச் செவிகொடுக்கவில்லை என்று நூல் சொல்லுமிடத்தில் வரும் வினை, தகப்பன் கிபியோனில் கேட்டுப் பெற்ற அதே ‘கேட்டல்’. அமஞ்சிக்குத் தலைவனான அதோராமைப் பேச அனுப்புகிறான். ஜனங்கள் கல்லெறிந்து கொன்றுவிடுகிறார்கள். ரெகொபெயாம் அவசரமாக ரதமேறி எருசலேமுக்கு ஓடுகிறான்.