மூவாயிரம் வருசத்து நெல்லும் மூணு சென்ட் நிலமும்

சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்மணிக்கு வயது கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நம்ம தோழர்கள் பலருக்குத் தலைகால் புரியவில்லை. 'நம்ம பாட்டன் விதைச்ச நெல்லுய்யா!' அப்படியே வைத்துக்கொள்வோம். அதனால் இன்றைக்கு நமக்கு என்ன உரிமை வருகிறது?

குற்றாலத்தில் விழுகிற தண்ணிதான் சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, ஆதிச்சநல்லூர், சிவகளைப் பக்கம் போகிறது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் தோண்டிய அலெக்சாண்டர் ரீ, பானைகளில் நெல் உமியைப் பார்த்திருக்கிறார். பழனி மலையடிவாரத்துப் பொருந்தலில் நாலுகால் சாடி ஒன்றில் இரண்டு கிலோ நெல், காலம் கி.மு. 490. ஆனால் இதெல்லாம் வெள்ளாமையின் தொடக்கம் அல்ல. திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் தோண்டியபோது அந்தப் புதிய கற்கால ஊரில் கிடைத்தது கருகிய காணமும் பாசிப்பயறும். கர்நாடக, ஆந்திரக் குன்றுகளிலும் கதை இதுதான்: காணம், பயறு, சிறுதானியம். ஆத்துத் தண்ணி பாயாத கல்லாங்காட்டில் மழையை நம்பிச் செய்த பாடு அது. குதிரைக்குப் போடுறதுன்னு இளக்காரமாகச் சொல்வார்களே, அந்தக் காணத்துக்கு எந்தச் சட்டமன்றமும் கைதட்டியதில்லை.

இன்னொன்று. மண்ணுக்குள் எது மிஞ்சுகிறதோ அதுதான் சாட்சி. சுட்ட பானை மிஞ்சும், இரும்பு மிஞ்சும், கருகிய மணி மிஞ்சும். போன தலைமுறை வரைக்கும் கமலை இறைக்கத் தோல்வால் தைத்துக் கொடுத்தானே அருந்ததியன், அவன் தைத்த தோல் மக்கிப்போகும். விதை பொறுக்கி வைத்த பொம்பளையின் கையும் மக்கிப்போகும். மலைமேல் கிழங்கும் தேனும் எடுத்த பளியனுக்கு உழுத தடமே கிடையாது. 'முதலில் உழுதவனுக்கே மண்' என்று நாம் வாதாடினால் இவர்களை எங்கே நிறுத்துவது? 'முதலில் வந்தவன் நான்' என்பது ஆண்டைகள் காலங்காலமாய்ச் சொல்லிவந்த நியாயம். அதை நாம் கடன் வாங்க வேண்டுமா?

வேளாண் மரபு என்று பெயர் கேட்டவர்களின் வலி எனக்குத் தெரியும். 2021இல் பாராளுமன்றம் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரைச் சட்டமாக்கியது. பெயர் வந்தது. நிலம்? திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு 1892இல் பஞ்சமி நிலம் கொடுக்க உத்தரவானது. அதற்கு எழுத்து இருக்கிறது, அரசு முத்திரை இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்டதற்கு 1994இல் செங்கல்பட்டுக் காரணைப் போராட்டத்தில் இரண்டு உயிர் துப்பாக்கிச் சூட்டில் போனது. நூறு வருசத்துக் காகிதத்தையே மதிக்காதவன், மூவாயிரம் வருசத்து நெல்லைக் காட்டினால் மயங்கிவிடுவானாக்கும்!

தென்காசிப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வீட்டுமனைப் பட்டாவுக்கு மனுவோடு நின்ற அக்காளிடம் அதிகாரி கேட்டார்: 'எத்தன வருசமா இருக்கீங்க, ஆதாரம் இருக்கா?' அக்கா சொன்னாள்: 'காருக்கும் நட்டோம், பிசானத்துக்கும் நட்டோம். நேத்து நட்டதும் நாங்கதான். போயிப் பாருங்க சார், வரப்புல எங்க கால்தடம் இன்னும் காஞ்சிருக்காது.'