கட்டும் விடுதலையும்

கட்டறுத்தலே விடுதலை என்பது இளமைக்கு எளிதில் இனிக்கும் கருத்து. தடை நீங்கின் ஆற்றல் முழுமை பெறும் என எண்ணுகின்றோம். இவ்வெண்ணம் சரிதானா? விடை தேடி நூலகத்துக்கு மட்டுமன்றிச் சவளக்கடை வயல் வட்டைக்கும் செல்லலாம்.

வரம்பில் வெறுங்காலுடன் நடக்கும் உழவனின் பாதத்தில் முள் தைக்கின்றது என்க. மண்ணில் உறங்கும் ஒரு பற்றீரியாவின் வித்திகள் காயத்துட் புகுந்து வளர்ந்தால், அது சுரக்கும் நஞ்சு ஏற்பு நோயை விளைவிக்கும். தாடை பூட்டிக்கொள்ளும், முதுகு வில்லாய் வளையும், அறிவோ தெளிவாகவே இருக்கும்.

அந்நஞ்சு செய்வது யாது? நரம்பு முனைகளிலுள்ள நுண்புடகங்கள் செய்தி காவும் இரசாயனப் பொருள்களைத் தாங்கியுள்ளன. அவற்றை வெளிவிடச் சினப்டோபிரெவின் என்னும் புரதம் இன்றியமையாதது. ஏற்பு நஞ்சு அப்புரதத்தை ஒரேயோர் இடத்தில் வெட்டுகின்றது என இத்தாலியின் பதுவா நகர ஆய்வாளர் 1992இல் கண்டனர். இதனால் முண்ணாணில், தசைகளை அடக்கிவைக்கும் நரம்புகள் செயலிழக்கின்றன. அடக்குவாரின்றித் தசைகள் அனைத்தும் ஒருங்கே இறுகுகின்றன.

இங்கே தசையின் வலிமை குன்றவில்லை; கட்டுமீறிப் பெருகியுள்ளது. எனினும் அவ்வுழவனால் ஒருபிடி நெற்கதிர் அறுக்க இயலாது. கையை மடக்கும் தசை சுருங்குகையில் நீட்டும் தசை தளரவேண்டும். அத்தளர்வைத் தருவது அடக்கமே. தடை அறுந்தபோது செயலும் அறுந்தது.

புரதம் அறம் போதிக்குமோ எனச் சிலர் வினவலாம். போதியாது. உடலின் அமைப்பிலிருந்து ஊரின் நீதியை நேரே பெற முனைதல் தவறு. கொடுங்கோலனும் தான் பூட்டிய விலங்கை ஒழுங்கு என்றே அழைப்பான். ஆயினும் நரம்பின் அடக்கம் கையைச் செயற்படச் செய்கின்றது. விலங்கோ கையை முடக்குகின்றது. எனவே எக்கட்டையும் நோக்கி நாம் கேட்கவேண்டியது, இஃது எவருடைய செயலுக்கு இடந்தருகின்றது என்பதே.

ஏற்பு நோய் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவதன்று. ஆதலின் அயலார் ஏற்ற தடுப்பூசி நம்மைக் காவாது. தாய் பெற்ற எதிர்ப்பாற்றலே கருவிலுள்ள சேயைச் சென்றடையும். தாய்மார் பலர் இக்கடப்பாட்டை ஏற்றமையும் தூய மகப்பேற்று முறைகள் பரவியமையும் பயன் தந்தன. தாய் சேய் ஏற்பு நோய், இலங்கை உள்ளிட்ட தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மண்ணில் வித்திகள் இன்றும் உள. அம்மண்ணிலேயே குழந்தைகள் அச்சமின்றித் தவழ்வது, பிறர்பொருட்டு ஒருவர் விரும்பி ஏற்ற கட்டினாலன்றோ?