ஏரிக்கரையில் மூன்று தலைமுறை

புரட்டாசி ஞாயிறுகளில் பல ஊர் ஏரிக்கரைகளில் குடும்பம் குடும்பமாகப் பனைவிதை நடுகிறார்கள். அப்பா கடப்பாரையால் குழி போடுகிறார். அம்மா சாக்கிலிருந்து விதையை எடுத்து நீட்டுகிறார். பிள்ளை அதைக் குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி, குதித்துக் குதித்து மிதிக்கிறது. “பத்தடி தள்ளி அடுத்ததை வை கண்ணு” என்று அளவு சொல்கிறார் தாத்தா.

நமக்கு இது புதிதல்ல. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை உயர்த்தி, வரத்துக்கால்வாயைத் தூர்வாரிய குடிமராமத்து நம் பழைய வழக்கம். 1858-இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். சட்டத்தால் ஆளை வரவழைக்கலாம். அக்கறையை வரவழைக்க முடியுமா?

பனை காய்க்க 12 முதல் 15 ஆண்டுகள் ஆகும். அந்த நுங்கு தனக்குக் கிடைக்குமா என்று தாத்தா கணக்குப் பார்ப்பதில்லை. பனையின் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். பேரனின் மனம் அந்த ஏரியைப் பிடித்துக்கொள்ளும்.

‘இது எங்க ஏரி’ என்ற சொல், நகக்கண்ணில் மண் ஏறிய பிள்ளையின் வாயில்தான் இயல்பாக வரும்.

இந்த ஞாயிறு ஒரு மணி நேரம், வீட்டோடு ஊருக்காக!