விதையும் உடைமையும்

பங்குனி கழிந்து சித்திரை வெயில் ஏறும் நாட்களில் வவுனியாவின் சிற்றூர் முற்றங்களில் ஒரு வேலை நடைபெறுகிறது. அதை வேலை என்று எவரும் எண்ணுவதில்லை, செய்பவளும் எண்ணுவதில்லை. சமையலுக்கும் துணி துவைப்புக்கும் இடையே கிடைக்கும் அரைமணி நேரத்தில் ஒரு பெண் முற்றத்துக்கு வருகிறாள். காய்ந்த துளசிக் கதிர்களை உருவி எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையே கசக்கி, சுளகில் இட்டு மெல்லப் புடைக்கிறாள். சருகும் தூசும் பறக்கின்றன. கடுகினும் சிறிய விதைகள் எஞ்சுகின்றன. அவற்றை ஒரு துண்டுத் துணியில் முடிந்து அடுப்படிப் பரணில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாள். நாட்டின் வருமானக் கணக்கு எதிலும் அந்த அரைமணி நேரம் ஏறுவதில்லை.

ஆயினும் அச்சிறு செயலுக்குள் ஒரு முழுக் கல்வி அடங்கியிருக்கிறது. காசித்தும்பைக் காய் முற்றியபின் தொட்டால் வெடித்துச் சிதறிவிடும். பச்சை நிறம் வெளிறத் தொடங்கும்போதே பறித்துத் துணியில் பொதிந்து வைக்க வேண்டும். செவ்வந்திப் பூவைச் செடியிலேயே காயவிட்டு அடிக்கிண்ணத்தைப் பிரித்தால் ஊசி போன்ற விதைகள் வரும். கறுத்துத் திரண்டவை முளைக்கும், வெளிறிச் சப்பையானவை பதர். சங்குப்பூ விதையின் தோல் கடினமானது. ஓரிரவு நீரில் ஊறினால் எளிதில் முளைவிடும். கொத்தமல்லி மணி ஒன்றில் இரண்டு விதைகள் ஒட்டியிருக்கும். பலகையில் இட்டு மெல்லத் தேய்த்து இரண்டாக்கி விதைப்பது நல்லது. கீரை விதையை அப்படியே வீசினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். மணலுடன் கலந்து தூவ வேண்டும். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்த வேண்டும். விதையின் ஈரம் ஒரு வீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது ஹாரிங்டன் என்ற விதையியல் அறிஞர் வகுத்த பொது விதி. அவர் பெயரைக் கேட்டறியாத நம் தாய்மார்கள் அவ்விதியைச் சாம்பலாலும் அடுப்புப் புகையாலும் நெடுங்காலமாக நிறைவேற்றி வந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பரணில் இருக்கும் அந்த முடிச்சு யாருக்குச் சொந்தம்?

அவளுக்குத்தான் என்று உடனே சொல்லத் தோன்றும். உழைப்பவருக்கே விளைவு உரியது என்பது நமது நெடுநாள் முழக்கம். பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத் தத்துவாசிரியர் ஜோன் லொக், ஒருவன் தன் உழைப்பைக் கலந்த பொருள் அவனுடைய உடைமையாகிறது என்று வாதித்தார். அவள் நீர் வார்த்தாள், களை பிடுங்கினாள், புடைத்தாள், உலர்த்தினாள். எனவே விதை அவளுடையது.

ஆனால் இந்த விடை விதையின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அவ்விதைக்குள் இருக்கும் உழைப்பில் அவளுடைய பங்கு எவ்வளவு? செவ்வந்தி மெக்சிக்கோவிலிருந்து வந்தது. நித்தியகல்யாணி மடகஸ்கார்த் தீவினது. கொத்தமல்லி மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றியது. எத்தனையோ நாடுகளில், எத்தனையோ தலைமுறைகளில், நல்ல பூவைத் தெரிந்து அதன் விதையை மட்டும் எடுத்து வைத்த கைகள் எண்ணிலடங்கா. அக்கைகளுக்கு உரியோர் எவரும் தம் பெயரை விட்டுச் செல்லவில்லை. அவற்றோடு தேனீயும் மழையும் வெயிலும் சேர்ந்து உழைத்திருக்கின்றன. உழைப்பு மட்டுமே செல்வத்தின் ஊற்று அன்று, இயற்கையும் அவ்வாறே ஊற்றாகும் என்று மார்க்ஸ் 1875 இல் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது தம் தோழர்களுக்கே நினைவூட்ட நேர்ந்தது. விதையைக் கையில் எடுக்கும் எவரும் அந்த நினைவூட்டலுக்கு உரியவரே.

அப்படியாயின் விதை என்பது நாம் ஈட்டிய சொத்து அன்று; நம்மிடம் வந்து சேர்ந்த கடன். கொடுத்தவர்கள் மறைந்துவிட்டார்கள். அவர்களிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லை. எனவே அக்கடனை அடுத்தவருக்குக் கொடுத்துத்தான் தீர்க்க முடியும்.

சந்தை இதற்கு நேர்மாறான விடையைத் தருகிறது. கடையில் வாங்கும் வண்ணப் பைக்கற்றில் உள்ள கலப்பின விதை முதற் பருவத்தில் ஒரேசீராகச் செழித்துப் பூக்கும். அதன் விதையை எடுத்து மறுபருவம் விதைத்தால் தாயின் குணம் அப்படியே வராது. ஒன்று குட்டையாக, ஒன்று நெட்டையாக, நிறம் மாறி வரும். ஆகவே ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டும். கலப்பின முறை விஞ்ஞானத்தின் சாதனை. அதனால் விளைச்சல் பெருகியதை நாம் மறுக்கவில்லை. நமது வாதம் விஞ்ஞானத்தோடு அன்று, அதன்மேல் எழுப்பப்படும் வேலியோடுதான். புண்ணுக்கு மஞ்சள் பூசுவது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. அதற்கு 1995 இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வாதாடிய பின்பே 1997 இல் அது நீக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பும் வீண்போகவில்லை. உழவர் தம் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பரிமாறவும் உரிமை உண்டென்று 2001 இல் இந்தியச் சட்டம் ஒன்று ஏற்றுக்கொண்டது. 2018 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய உழவர் உரிமைப் பிரகடனத்தின் 19ஆம் பிரிவும் விதைக்கான உரிமையைப் பேசுகிறது.

உரிமை ஏட்டில் இருந்தால் போதுமா? 2022 இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, வீட்டுத்தோட்டம் செய்வதற்காக அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அமைச்சரவை தீர்மானித்தது. விடுமுறையை ஒரு தீர்மானத்தால் கொடுத்துவிடலாம். விதையை அவ்வாறு கொடுத்துவிட முடியாது. முந்திய பருவத்தில், நெருக்கடி வருமென்று அறியாமலே, யாரோ ஒருத்தி அதைப் புடைத்து உலர்த்தி முடிந்து வைத்திருக்க வேண்டும்.

காப்பதன் அறத்தைப் பேசும்போது லெனின்கிராட்டை நினையாதிருக்க முடியாது. நிக்கொலாய் வவிலோவ் என்ற தாவரவியல் அறிஞர் உலகெங்கும் திரிந்து சேர்த்த விதைகள் அந்நகரின் ஆய்வுக்கூடத்தில் இருந்தன. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை நாசிப் படை நகரை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டது. ஆய்வாளர்கள் உண்ணக்கூடிய தானியங்களின் நடுவே இருந்தபடி அவற்றை உண்ணாது காத்தார்கள், பலர் இறந்தார்கள். நெல் விதைகளின் காப்பாளர் திமித்ரி இவானோவ் அவர்களில் ஒருவர். இதைப் பெருமையோடு சொல்லும் நாம் மற்றொன்றையும் மறைக்காது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். வவிலோவ் அப்போது அங்கே இல்லை. 1940 இல் சோவியத் அரசே அவரைக் கைது செய்திருந்தது. 1943 ஜனவரியில் அவர் சராத்தொவ் சிறையில் மாண்டார். உலகின் பட்டினியைப் போக்க விதை சேர்த்தவர் சிறைப் பட்டினியில் வாடி இறந்தார். மக்கள் பெயரால் ஆளும் அரசும் விதையின் காவலர்களை அழிக்கக்கூடும் என்பதை நம் தரப்பு மறக்கலாகாது.

அந்த ஆய்வாளர்கள் ஏன் உண்ணவில்லை? விதை தமதன்று என்று அவர்கள் கருதியதே காரணம் என்று நாம் கொள்கிறோம். தமது உடைமையாயின் உண்டிருப்பார்கள். அதில் குற்றமும் இருந்திராது.

ஆனால் காத்தல் மட்டும் போதாது என்பதை வன்னி மண் நமக்குக் கற்பித்திருக்கிறது. நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். அவளைப் போன்றவரைத் தேடி வன்னியில் நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. 2002 இல் போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 வீதி திறந்தபோது, ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து, வவுனியா நகரில் மச்சாள் வீட்டுக் கலியாணத்துக்கு அவள் வருகிறாள். சேலைத் தலைப்பில் முடிந்து வந்த காசித்தும்பை விதையையும் துளசி விதையையும் மச்சாளிடம் கொடுக்கிறாள். 2006 ஆகஸ்டில் வீதி மூடப்படுகிறது. போர் நெருங்கி ஊர் இடம்பெயர்கிறது. ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடிய வழியில் முதலில் கட்டில் போயிற்று, பின்பு பெட்டி, பின்பு பானை. விதை முடிச்சு எங்கே விழுந்ததென்று அவளுக்கே தெரியாது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் இருந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். 2012 செப்டம்பரில்தான் அம்முகாம் மூடப்பட்டது. அவள் ஊர் திரும்புகிறாள். வீடிருந்த இடத்தில் அத்திவாரம்; முற்றத்தில் பற்றை. மச்சாள் ஒரு பால்மாப் பேணியில் காசித்தும்பை விதையும் துளசி விதையும் போட்டுக் கொடுத்தனுப்புகிறாள். அவள் அன்று கொடுத்த விதையின் வழிவந்த விதை அது. அவள் பூட்டிக் காத்தது போயிற்று, கொடுத்தது இருக்கிறது.

இது உணர்ச்சிக் கதை என்று சிலர் ஒதுக்கலாம். அவர்களுக்கு அலெப்போவைக் காட்டுவோம். சிரியாவின் அந்நகருக்கருகே வறண்ட நிலப் பயிர்களுக்கான பன்னாட்டு ஆய்வு நிலையம் ஒன்று பெரிய விதை வங்கியை வைத்திருந்தது. நிலையத்தார் தம் விதைகளின் மறுபகுதியை, வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்ட் தீவில் 2008 இல் திறக்கப்பட்ட உலக விதைக் காப்பகத்துக்கு அனுப்பி வைத்திருந்தனர். உள்நாட்டுப் போரினால் தம் வங்கியை இயக்க முடியாது போனபோது, 2015 இல் அவற்றைத் திரும்பப் பெற்று, லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கினர். 2017 இல் புதிய விதைகளை மீண்டும் காப்பகத்துக்கு அனுப்பினர். சேலைத் தலைப்பும் பனிமலைச் சுரங்கமும் இங்கே ஒரே நியதியால் இயங்குகின்றன.

அப்படியானால் கொடுப்பது வெறும் காப்புறுதிதானா? பிற்காலத்தில் நமக்கே உதவும் என்று கொடுப்பது அறமாகுமா? இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. காப்புறுதிக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு, தொகை உண்டு, திரும்பப் பெறுபவர் பெயர் உண்டு. அந்தத் தாய் கொடுத்தபோது இவை எவையும் இல்லை. அவள் விதை கொடுத்த இருபது பேரில் ஒருவரிடமிருந்தே அது திரும்பி வந்திருக்கலாம். மற்றவர் முற்றங்களில் அது பூத்ததா, வாடியதா என்று அவள் கேட்டதுமில்லை. பயன் எவருக்குப் போய்ச் சேருமென்று அறியாமல் கொடுப்பதே விதை கொடுத்தலின் இயல்பு. அந்த அறியாமைதான் அதை வணிகத்திலிருந்து பிரிக்கிறது. மறுபுறம், அலெப்போ அறிஞர்களைப் போல் முன்யோசனையோடு கொடுப்பதும் தாழ்ந்ததன்று. தனி மனிதரின் நற்குணத்தை மட்டும் நம்பியிருக்கும் அறம் ஒரு பேரிடரில் சிதறிவிடும். அது நிலைக்க வேண்டுமாயின் அதற்கு ஓர் அமைப்பு வேண்டும்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடுமையானது. மனிதர்களே திரும்பி வராத மண்ணில் பூவிதையைப் பற்றிப் பேசலாமா? காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வவுனியாவின் வீதியோரத்தில் பிள்ளைகளின் படங்களோடு ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கக் காசித்தும்பை எதற்கு? விதை எந்த மனிதருக்கும் ஈடாகாது. ஒரு செடி வளர்ந்ததால் நீதி கிடைத்துவிட்டதென்று கூறுவோரை நாம் எதிர்ப்போம். ஆயினும் உயிர் பிழைத்தவருக்குச் சோறு மட்டும் போதும் என்பது முகாம் நிர்வாகத்தின் தத்துவம். மக்களின் தத்துவம் அன்று. முற்றத்தில் எந்தப் பூ பூக்க வேண்டுமென்று தானே தீர்மானிப்பது ஒரு மனிதர் தம் வாழ்வைத் தம் கைக்கு மீட்பதன் தொடக்கமாகும். பயனற்ற பூ என்று ஒதுக்கவும் முடியாது. வேலியோரத்து நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்னும் மருந்துகள் 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் பிரித்தெடுக்கப்பட்டன. பிள்ளைகளின் குருதிப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் இன்றும் கொடுக்கப்படுகிறது. அச்செடியை முற்றம் முற்றமாகக் கொண்டு சென்றவர்கள் மருந்தை எண்ணிக் கொண்டு செல்லவில்லை. பூவை விரும்பியே கொண்டு சென்றார்கள்.

கொடுத்தல் எங்கே தடைபட்டது என்பதையும் நாம் நேர்மையோடு பார்க்க வேண்டும். விதையைக் காத்தவள் பெண். முடிவெடுக்கும் இடங்களில் அவள் குரல் குறைவு. கிணற்றில் சாதி பார்த்த ஊர்களில் விதையும் எல்லா வேலிகளையும் தாண்டியிருக்காது. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாக் காடுகளை விளைநிலமாக்கிய குடும்பங்களை நாம் எவ்வளவு காலம் வந்தவர்கள் என்றே அழைத்தோம்? 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களுடைய முற்றங்களும் காய்ந்தன. அன்று நம்மிற் பெரும்பாலோர் மௌனமாக இருந்தோம். கடன் என்று நாம் சொன்னது இவர்கள் எல்லோருக்கும் உரிய கடன்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. பாடசாலையின் ஒரு மூலையில் ஒரு மரப்பெட்டி போதும். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பிடி விதை கொண்டு வரட்டும். அதைக் கடதாசிப் பொட்டலத்தில் இட்டு, விதையின் பெயரையும், எடுத்த மாதத்தையும், அது யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்பதையும் எழுதட்டும்: அம்மம்மா, நெடுங்கேணி, பக்கத்து வீட்டு மாமி, பூவரசங்குளம். எடுத்துச் செல்பவர் அடுத்த பருவத்தில் இரண்டு பொட்டலங்களாகத் திருப்பி வைக்கட்டும். ஒன்று பெட்டிக்கு, மற்றொன்று வேறொரு பாடசாலைக்கு. பொட்டலத்தின் மேல் பெயர்கள் நீண்டுகொண்டே போகும். அதில் உடைமையாளர் என்ற இடம் காலியாகவே இருக்கட்டும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் விதைக்கத் தொடங்கலாம்.