நீதிபதி எழுதிய மறுப்பு

"நீ இஞ்சினியர்தானே, உனக்கு எதுக்குடா இந்த ஆராய்ச்சி?" சைட்டில் நண்பன் கேட்டான். என் கையில் இருந்தது எகிப்தின் சையித் குதுப் பற்றிய புத்தகம். உடனே பதில் சொல்ல வரவில்லை.

குதுப் முதலில் இலக்கிய விமர்சகர். நகீப் மஹ்ஃபூஸை ஆரம்பத்திலேயே அடையாளம் கண்டு எழுதியவர்களில் ஒருவர். (அதே மஹ்ஃபூஸின் கழுத்தில்தான் 1994இல் ஒரு தீவிரவாதி கத்தியைப் பாய்ச்சினான். இந்த இடத்தைத் தாண்ட எனக்கு ரொம்ப நேரம் ஆனது.) 1954இல் நாசர் அரசு குதுப்பைச் சிறையில் போட்டது. சித்திரவதை. 1957இல் துரா சிறையில் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கக் கைதிகள் 21 பேர் கொல்லப்பட்டார்கள். 1964இல் வந்த 'மைல்கற்கள்' நூலில் குதுப் சொன்னது இதுதான்: 'ஜாஹிலிய்யா' எனும் அறியாமைக் காலம் நபிகளுக்கு முந்தைய அரேபியாவோடு முடிந்துவிடவில்லை, இன்றைய உலகமே அதுதான், முஸ்லிம் என்று சொல்லிக்கொள்ளும் சமூகங்களும் சேர்த்து. 1966இல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

சிறைதான் இந்தச் சிந்தனையை உருவாக்கியது என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அடிபட்டவன் திருப்பி அடிப்பான், அவ்வளவுதான் என்று. ஆனால் ஹசன் அல்-ஹுதைபி அங்கே இடிக்கிறார். இயக்கத்தின் தலைவர், மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆயுளாகக் குறைக்கப்பட்டவர், அவரும் நாசரின் சிறையில் கிடந்தவர்தான். அவர் பெயரில் வெளிவந்த நூலின் தலைப்பே 'நாம் அழைப்பாளர்கள், நீதிபதிகள் அல்ல'. கலிமா சொன்னவனை முஸ்லிம் இல்லையென்று தீர்ப்பளிக்க நமக்கு உரிமையில்லை என்பது வாதம். இத்தனைக்கும் மனுஷன் தொழிலால் நீதிபதி! தாராளவாதியும் இல்லை, ஷரீஆ ஆட்சியைத்தான் அவரும் விரும்பினார். நூல் அச்சேறியது 1977இல். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நண்பனுக்கான பதில் ஃபரஜ். முஹம்மது அப்துஸ் ஸலாம் ஃபரஜ், மார்க்க அறிஞர் இல்லை, மின்பொறியியல் படித்தவர். இஸ்லாத்தைத் தழுவிய பிறகும் செங்கிஸ்கானின் சட்டப்படி ஆண்ட மங்கோலியர்களோடு போரிடலாம் என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இப்னு தைமிய்யா தந்த ஃபத்வாவை எடுத்து, மங்கோலியர் இருந்த இடத்தில் எகிப்திய ஆட்சியாளரை வைத்தார். 1981இல் அதிபர் சாதாத் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சமன்பாட்டில் ஒரு மதிப்பை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுகிற மாதிரி. நான் தினமும் செய்கிற வேலை. படித்தபோது அந்த வாதத்தின் சுத்தம் எனக்குப் பிடித்திருந்தது. சாதாத்தின் ஈமானை அளந்தது யார் என்ற கேள்வி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. நண்பனிடம் இதை இன்னும் சொல்லவில்லை.